இருபத்தாறு பவுண்டுக் கூறை

லோகாம்பாளின் கூறைப்புடவைக்கு விலை இருபத்தாறு பவுண்டு. அன்றைய நாணய மாற்றில் நானூற்று அறுபத்தெட்டு ரூபாய். தாலி ஏறும்போது உடம்பில் இருந்த புடவைக்குப் போய் விலை போடுவதா என்று கேட்பவர்கள் காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டில் கடை வைத்துப் பார்க்காதவர்கள். அந்தத் தெருவில் விலையில்லாத பொருள் என்று ஒன்று கிடையாது. விற்க மனமில்லாததற்கு விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

அவளுடைய அப்பா கண்ணாயிரம் முப்பது வருஷமாக அங்கே பட்டு விற்பவர். அவர் கடையில் "இது விக்கிறதுக்கு இல்லீங்க" என்ற பேச்சை யாரும் கேட்டதில்லை. அப்படிச் சொன்னால் வந்தவர் முகம் வாடும். முகம் வாடியவர் அடுத்த முகூர்த்தத்துக்கு எதிர்க்கடையில் உட்கார்ந்து கலர் சோடா குடிப்பார். ஆகவே, வேறொருவருக்கென்று எடுத்துவைத்த உருப்படியை யாராவது கேட்டுவிட்டால், கண்ணாயிரம் வாயெல்லாம் பல்லாக, யாராலும் வாங்க முடியாத ஒரு விலையைச் சொல்வார். கேட்டவர் மலைத்துப்போய்ப் பாதிக்குக் கேட்பார். இவர் இரண்டு ரூபாய் குறைப்பார். அவர் எழுந்திருப்பார், மறுபடி உட்காருவார், கடைசியில் "படியலையே முதலியாரே" என்று சிரித்துக்கொண்டே வேறு புடவையை வாங்கிக்கொண்டு போவார். யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இந்த வித்தையை லோகாம்பாள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பாடத்தைவிட நன்றாகப் படித்திருந்தாள். கோயில் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்ததில் அவளுக்கு இங்கிலீஷும் அங்கேயே வந்துவிட்டது: ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எண்கள், 'பெஸ்ட் குவாலிட்டி', 'லாஸ்ட் பிரைஸ்', 'ஃபார் யூ ஒன்லி'. ஒரு மொழியில் இதற்கு மேல் என்ன இருந்துவிடப் போகிறது என்பது அவள் எண்ணம்.

அவள் புருஷன் தணிகாசலம் நெசவாளர் சங்கத்தில் சாயப் பட்டறையைப் பார்த்துக்கொண்டவன். இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு வருஷம் சாயப் படிப்பு படிக்க அவனுக்கு உதவித்தொகை கிடைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது, ஆவணி மாதம். பெண்டாட்டிக்கும் ஒன்பது வயதுப் பெண் ஏலவார்குழலிக்கும் விமான டிக்கெட் எடுத்துக்கொடுத்தவர் மாமனார் கண்ணாயிரம்தான். பாசம் பாதி, அந்த ஊரில் பட்டு விலை போகுமா என்று பார்த்துவர ஆள் வேண்டும் என்பது மீதி.

கூறைப்புடவையைப் பெட்டியில் வைத்தவள் மாமியார் மணியம்மாள். பிள்ளையார்பாளையத்தில் அவர்கள் வீட்டுத் தறியில், மணியம்மாளின் புருஷன் தன் கையால் மருமகளுக்கென்று நெய்த புடவை அது. அரக்கு உடல், பச்சைக் கரை. நெய்து முடித்த ஆறாம் மாதம் அவர் காலமானார். அதற்குப் பிறகு அந்தப் புடவையைப் பற்றி மணியம்மாள் பேசினால் எதிரில் இருப்பவர்கள் எழுந்து நின்று கேட்க வேண்டியிருந்தது.

"தேடினாலும் ஒரு குத்தம் கிடைக்காது அதுல. புருஷன் எந்த ஊர்ல இருக்கிறானோ கூறை அந்த ஊர்ல இருக்கணும். எடுத்துக்கினு போ. பத்திரமா எடுத்துக்கினு வா. வர்ற வருஷம் ஆவணியிலே ராஜகோபாலுக்குக் கல்யாணம் முடிக்கிறேன். மூத்த மருமக கூறையைக் கட்டிக்கினு நின்னு ஆலம் சுத்தினாத்தான் புதுப்பொண்ணு நம்ம வாசப்படி மிதிக்கலாம். தெரியுமில்ல?"

"தெரியும் அத்தை."

ராஜகோபால் தணிகாசலத்தின் தம்பி. அந்த வீட்டு வழக்கம் தெரியாமல் எங்கே போவாள்.

ஹடர்ஸ்ஃபீல்டில் வீடுகள் கரி பூசிய கல்லில், ஒன்றோடொன்று தோளை ஒட்டிக்கொண்டு, மலைமேல் ஏறிக்கொண்டிருந்தன. வாடகை வாரத்துக்கு இரண்டு பவுண்டு. கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, கக்கூஸ் கொல்லையில். சுவரில் ஒரு இரும்புப் பெட்டி இருந்தது. அதில் ஒரு ஷில்லிங் போட்டால் காஸ் அடுப்பும் கணப்பும் எரியும், ஷில்லிங் தீர்ந்தால் சோறு பாதி வெந்தபடி நிற்கும். உண்டியல் என்று குழலி அதற்குப் பெயர் வைத்தாள். ஊரில் உண்டியலில் போட்டால் என்ன கிடைக்கும் என்று தெரியாது. இங்கே அரைமணி நேரச் சூடு நிச்சயம்.

வீட்டுக்கு எது வாங்கலாம் என்று தணிகாசலம் ஆரம்பித்தாலும் லோகாம்பாளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "ஒரு வருஷத்துக்கு எதுக்குங்க?" நாற்காலி எதற்கு, டிரங்குப் பெட்டி இருக்கிறதே. ஜன்னலுக்குத் திரை எதற்கு, பழைய வேட்டி இருக்கிறதே. ஒரு ஆளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த உதவித்தொகையில் மூன்று பேர் சாப்பிட்டதால் அவனும் அதிகம் வாதாடவில்லை.

பக்கத்து வீட்டில் மிஸஸ் சைக்ஸ் என்று ஒரு விதவை தனியாக இருந்தாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கம்பளித் துணி நெய்கிற மில்லில் வேலை. நெய்து வருகிற துணியை வெளிச்சத்தில் சாய்த்துப் போட்டு, விரல் நுனியால் தடவித் தடவிக் குறை கண்டுபிடித்து, விட்ட இழையை ஊசியால் கோத்துச் சரிசெய்வது. முப்பது வருஷமாக அதே வேலை. லோகாம்பாள் அவளைச் சைக்ஸம்மா என்றாள். அவள் லோகாம்பாளை லோகி என்றாள்.

நவம்பர் முதல் சனிக்கிழமை காலையில் அந்த ஊருக்குச் சூரியன் வழி தவறி வந்துவிட்டது. அடுத்த வாரம் தீபாவளி. பெட்டிக்குள் ஈரம் ஏறியிருக்குமோ என்ற பயத்தில் லோகாம்பாள் கூறையை எடுத்துக் கொல்லைக் கொடியில், நிழல் பக்கமாக, காற்றாடப் போட்டாள். திரும்பிப் பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் சைக்ஸம்மா வாயைத் திறந்தபடி நிற்கிறாள்.

அவள் சுற்றிக்கொண்டு வந்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டாள். புடவையைத் தொட்டதும் முதல் வேலையாகத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். லோகாம்பாளுக்கு உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்துவிட்டது. முன்பக்கத்தைப் பார்த்து மயங்குகிறவள் வேடிக்கை பார்க்க வந்தவள்; பின்பக்கத்தைத் திருப்புகிறவள் துணி தெரிந்தவள்.

"ஹௌ மச்?" என்றாள் சைக்ஸம்மா.

காந்தி ரோட்டில் வளர்ந்த வாய். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. சைக்ஸம்மாவுக்கு வாரச் சம்பளம் ஒன்பது பவுண்டு என்பது தெரியும், அதை மூன்றால் பெருக்கி, நம்பும்படி இருக்க ஒன்றைக் கழித்து, சிரித்த முகத்தோடு லோகாம்பாள் சொன்னாள்: "ட்வென்டி சிக்ஸ் பவுண்ட்ஸ். பெஸ்ட் குவாலிட்டி."

பிறகு காத்திருந்தாள். இப்போது மலைக்க வேண்டும். பதின்மூன்று என்று கேட்க வேண்டும்.

சைக்ஸம்மா மலைக்கவில்லை. புடவையைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், உதட்டுக்குள் ஏதோ கூட்டிப் பார்த்தாள். "ஆல்ரைட், லவ்" என்றாள், அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரையும் கூப்பிடுகிற மாதிரி. ஏப்ரன் பையிலிருந்து பழுப்பு நிறப் பத்து ஷில்லிங் நோட்டு ஒன்றை எடுத்து லோகாம்பாளின் கையில் வைத்து, வாரா வாரம் இதேபோல் ஒன்று தருவதாக விரலைக் காட்டினாள்.

லோகாம்பாள் அந்த நோட்டை வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதுதான் நடந்த தப்பு. காலையில் கைக்கு வந்த முதல் காசு. பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். கை தானாகப் போய்விட்டது. கண்ணில் ஒற்றிய பிறகு அது வெறும் பத்து ஷில்லிங் இல்லை, அச்சாரம். அச்சாரம் வாங்கிய சரக்கு, அதைக் கொடுத்தவருடையது. கடையில் இருப்பது காவலுக்கு.

சாயங்காலம் தணிகாசலம் வந்ததும் குழலி ஓடிப்போய்ச் சொன்னாள்.

"அப்பா, அம்மா கல்யாணப் புடவையைச் சைக்ஸ் ஆன்ட்டிக்கு வித்துட்டுது."

"விக்கலைடி," என்றாள் லோகாம்பாள். "விலை சொன்னேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"எங்க கடையிலே வேற வேற."

தணிகாசலம் டிரங்குப் பெட்டியில் உட்கார்ந்தான். "இப்பவே போயி, தெரியாம சொல்லிட்டேன்னு துட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வந்துடு."

"அச்சாரத்தை வாங்கிட்டுத் திருப்பறதா? எங்கப்பா பேரு கெட அதைவிட வேற வேணாம்."

"உங்கப்பாவை இங்க யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமில்ல."

அவன் சாயக்காரன், கணக்கில் நிதானமானவன். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினான். வாரம் பத்து ஷில்லிங் என்றால் இருபத்தாறு பவுண்டு அடைய ஐம்பத்திரண்டு வாரம் ஆகும். இவர்கள் ஜூலையில் கிளம்பிவிடுவார்கள். அதற்குள் அவளால் கட்டி முடிக்க முடியாது. முழுப் பணம் வராமல் சரக்குக் கை மாறாது என்பது காந்தி ரோட்டுக்கும் பொருந்தும் இல்லையா? பொருந்தும் என்றாள் லோகாம்பாள். அப்படியானால் வாங்குகிற பணத்தை ஒரு பக்கமாகப் போட்டுவைத்து, கிளம்பும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம். வியாபாரம் படியாமல் போனது, பேச்சு மாறவில்லை. இரண்டு பேருக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி, பத்து ஷில்லிங்கை அதில் போட்டு மூடினார்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் சைக்ஸம்மா வந்தாள். நோட்டைக் கொடுத்துவிட்டு, "பார்க்கலாமா?" என்பாள். லோகாம்பாள் பெட்டியைத் திறந்து புடவையை மடியில் வைப்பாள். சைக்ஸம்மா ஒரு கை நீளத்துக்கு அதைப் பிரித்துத் தடவிப் பார்ப்பாள், தலையை ஆட்டுவாள், மடித்து வைப்பாள். டீ குடிப்பாள். போய்விடுவாள். ஒரு நாள் குழலி மொழிபெயர்த்தாள்:

"அம்மா, அவங்க இன்னா சொல்றாங்கன்னா, முப்பது வருஷமா அவங்க கைக்கு வந்த துணியிலே எதுலயும் குறை இல்லாம இருந்ததில்லையாம். இதுல மட்டும் இன்னும் ஒண்ணும் ஆப்டலையாம். அதான் இது வேணுமாம்."

"கட்டிக்குவாங்களாமா?"

குழலி கேட்டாள். "இல்லையாம். மேஜை டிராயர்ல வெச்சுக்கினு ஞாயித்துக்கிழமை எடுத்துப் பார்ப்பாங்களாம்."

டிசம்பர் வந்தது. அந்தக் குளிரைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சரியான விலை சொல்லியிருக்கவில்லை. சுவரிலிருந்த உண்டியல் ஒரு நாளைக்கு ஒரு ஷில்லிங் கேட்டது, பிறகு இரண்டு கேட்டது, குழலிக்கு இருமல் வந்த வாரத்தில் நாளுக்கு நான்கு கேட்டது. முதல் தடவை ஹார்லிக்ஸ் பாட்டிலைத் திறந்தபோது, கைமாற்றாக எடுப்பதாகவும் உதவித்தொகை வந்ததும் வைத்துவிடுவதாகவும் தணிகாசலம் சத்தமாகச் சொன்னான், பாட்டிலுக்குக் காது இருப்பதுபோல. இரண்டாம் தடவை மெதுவாகச் சொன்னான். மூன்றாம் தடவை சொல்லவேயில்லை. குழலியின் பூட்ஸும் கோட்டும் அதிலிருந்து வந்தன. அவனுடைய பரீட்சைக் கட்டணமும் அதிலிருந்துதான் போனது. ஜனவரியில் ஒரு நாள் மூவரும் கணப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது தணிகாசலம் சொன்னான்:

"இப்ப எரியறது முந்தானை."

"சும்மா இருங்க," என்றாள் லோகாம்பாள். ஆனால் கையை நீட்டிக் குளிர்காய்ந்தாள்.

அந்த மாதம் அப்பாவிடமிருந்து ஏர் லெட்டர் வந்தது. 'இங்கே ஒரு புடவையை இருபத்தாறு பவுண்டுக்குப் பேசியிருக்கிறேன்' என்று மட்டும் அவள் எழுதியிருந்தாள். எந்தப் புடவை என்று எழுதவில்லை. கண்ணாயிரம் பூரித்துப் போயிருந்தார். 'நானூற்று அறுபத்தெட்டு ரூபாய் என்பது நல்ல விலை. நான் பெற்றது வீண்போகவில்லை. தவணைக்குக் கொடுத்ததில் தவறில்லை, ஆள் நாணயமா என்று மட்டும் பார்த்துக்கொள். அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டு எழுது. அரக்கில் ஆறு, மாம்பழ நிறத்தில் நாலு கைவசம் இருக்கிறது.' கடிதத்தின் ஓரத்தில் இடம் விட்டிருந்த இரண்டு அங்குலத்தில், மணியம்மாளுக்காக யாரோ எழுதிய ஒரு வரி: 'ராஜகோபாலுக்குப் பெண் நிச்சயம் ஆகிவிட்டது. கூறைக்கு வசம்பு போட்டு வைத்திருக்கிறாயா?'

லோகாம்பாள் மேல் வரிகளைப் புருஷனுக்கு வாசித்துக் காட்டினாள். ஓரத்து வரியை அவன் தானாக வாசித்துக்கொண்டான்.

அடுத்த சனிக்கிழமை அவள் குழலியை உட்காரவைத்தாள். "அவங்ககிட்ட சொல்லு. இது நான் கல்யாணத்தன்னிக்குக் கட்டிக்கினு இருந்த பொடவைன்னு. எங்க மாமனாரு நெய்ததுன்னு. எல்லாத்தையும் சொல்லு."

குழலி சொன்னாள். சைக்ஸம்மா டீ கோப்பையை வைத்துவிட்டு, லோகாம்பாளின் முழங்காலைத் தட்டிக்கொடுத்து, நீளமாக ஏதோ பேசினாள்.

"இன்னாடி சொல்றாங்க?"

"அவங்களுக்குத் தெரியுமாம்மா. விலையைக் கேட்டப்பவே கல்யாணப் புடவையாத்தான் இருக்கும்னு நெனைச்சாங்களாம். அதனாலதான் நீ இருபத்தாறுன்னு சொன்னியாம், சாதா புடவையா இருந்தா பத்துக்கு வந்திருக்குமாம். அவங்க கல்யாண கவுனை, யுத்தம் முடிஞ்ச வருஷம் நாலு பவுண்டுக்கு வித்துட்டு, துணி பிழியற மிஷின் வாங்கினாங்களாம். அது இன்னும் ஓடுதாம். வேணும்னா நம்மளும் உபயோகப்படுத்திக்கலாமாம்."

லோகாம்பாள் டீ கோப்பைகளை எடுத்து வைத்தாள். அன்றைக்குப் பத்து ஷில்லிங்கை வாங்கிக்கொண்டாள். பாட்டிலில் போட மேலே போனவள், போகிற வழியிலேயே அதைக் குழலியிடம் கொடுத்து, காஸ் பெட்டிக்கென்று சில்லறை மாற்ற அனுப்பிவிட்டாள்.

ஜூலை நான்காம் தேதி, முப்பத்தாறாவது நோட்டு. மொத்தம் பதினெட்டு பவுண்டு வந்திருந்தது, பாட்டிலில் ஒன்றுமில்லை. அன்றைக்குச் சைக்ஸம்மா நோட்டைக் கொடுத்துவிட்டு உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். மில்லில் விடுமுறைக்கென்று வருஷம் முழுக்கச் சீட்டு மாதிரி பிடித்த பணத்தை இந்த வாரம் கொடுக்கிறார்களாம். எல்லோரும் அதை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போவார்கள். அவள் இந்த வருஷம் போகவில்லை. லோகி கிளம்புவதற்கு முன்னால் கணக்கை முடிக்க வேண்டுமே! அடுத்த சனிக்கிழமை பாக்கி எட்டு பவுண்டையும் ஒரே தடவையாகக் கொண்டுவந்து தருகிறாள்.

கதவு மூடியதும் தணிகாசலம் பெட்டி மேல் உட்கார்ந்தான். "இருபதாம் தேதி ஃபிளைட். ஆவணியிலே கல்யாணம். எங்கம்மா முன்னாடி வெறுங்கையா போயி நிக்கணும்."

"திருப்பிக் குடுத்துடலாமா?"

"எதை? பதினெட்டு பவுண்டை எரிச்ச சாம்பலையா?"

அந்த வாரம் லோகாம்பாள் யோசித்தாள். அச்சாரத்தை விற்கிறவள் முறிக்கக் கூடாது, வாங்குகிறவள் முறிக்கலாம். வாங்குகிறவள் எப்போது முறிப்பாள்? சரக்கில் குற்றம் கண்டால். சைக்ஸம்மாவுக்கு வேண்டியதே குறையில்லாத துணி. குறை ஒன்றைக் கண்ணில் காட்டிவிட்டால் 'வேண்டாம்' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வரும். அப்புறம் பதினெட்டு பவுண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊரிலிருந்து அனுப்பிக்கொள்ளலாம். கடனுக்குப் பதில் சொல்லிவிடலாம், கூறைக்குச் சொல்ல முடியாது.

ஆனால் தன் சரக்கைத் தானே குறை சொல்வது கண்ணாயிரம் வம்சத்தில் யாரும் செய்யாத காரியம். அதுவும் மாமனார் நெய்தது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் அவள் புடவையை வெளியில் எடுக்கவில்லை. வியாழக்கிழமை எடுத்தாள்.

குற்றம் எங்கே ஒளிந்திருக்கும் என்று பட்டுக்கடைப் பெண்ணுக்குத் தெரியும். அரக்கு உடலும் பச்சைக் கரையும் தனித்தனி இழையில் ஓடி, ஒன்றையொன்று கோத்துக்கொள்கிற இடம் கோர்வை. உடலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர் என்று இரண்டு பேர் சேர்ந்து நெய்வது. இரண்டு கையும் ஒரு நினைவாக இருக்க வேண்டும். அந்தக் கோடு முழுவதையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஆறு கஜத்துக்கும் அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனாள். உள்மடிப்பில், கொசுவத்துக்குள் போய்விடுகிற இடத்தில், ஒரு நெல் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. நான்கு இழை கோர்க்காமல் விட்டிருந்தது.

அவளுக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சிரிப்பு. பதினோரு வருஷமாக மாமியார் அவளை நிற்கவைத்துச் சொன்னது நினைவுக்கு வந்தது. 'தேடினாலும் கிடைக்காது.' கிடைத்துவிட்டது அத்தை. யாரிடமும் சொல்ல முடியாத சந்தோஷம் அது. அதை வைத்துக்கொண்டு அன்றைக்கு மூன்று பேருக்கும் வடை சுட்டாள். உண்டியலில் இரண்டு ஷில்லிங் கூடச் செலவானது.

சனிக்கிழமை சைக்ஸம்மா எட்டு பவுண்டை ஒரு உறையில் போட்டுக்கொண்டு, நல்ல தொப்பி வைத்துக்கொண்டு வந்தாள். லோகாம்பாள் உறையை வாங்கவில்லை. புடவையைப் பிரித்து, ஜன்னலுக்கு நேராகப் பிடித்து, அந்த இடத்தில் விரலை வைத்தாள். "நோ பெஸ்ட் குவாலிட்டி," என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் காது சுட்டது.

சைக்ஸம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இழை எண்ணுகிற சிறிய பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து வைத்துப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் லோகாம்பாள் எதிர்பார்த்த ஏமாற்றம் இல்லை. காணாமற்போன சாவி கிடைத்தவள்போல இருந்தாள்.

"இன்னா சொல்றாங்க? வேணாமாமா?" என்றாள் லோகாம்பாள்.

"இல்லம்மா. அப்பாடான்னு சொல்றாங்க. இத்தனை மாசமா குறையே ஆப்டலைன்னதும் கண்ணு கெட்டுப்போச்சோன்னு பயந்துக்கினு இருந்தாங்களாம். இதை அவங்களே சரி பண்ணிடுவாங்களாம்." குழலி ஒரு நொடி நிறுத்தினாள். "ஆனா, குறை இருக்கிற துணிக்கு மில்லுல முழு விலை குடுக்க மாட்டாங்களாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சைக்ஸம்மா பையிலிருந்து ஒரு வெள்ளை நூலை உருவி, குற்றம் இருந்த இடத்துக்கு நேராகக் கரையின் ஓரத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். அவர்கள் மில்லில் அது பழக்கம். ஒரு குறைக்கு ஒரு நூல். நூலுக்கு இவ்வளவு தள்ளுபடி.

"ஃபிஃப்டீன்," என்றாள்.

பதினைந்து! லோகாம்பாள் மனக்கணக்குப் போட்டாள். கொடுத்தது பதினெட்டு. பதினைந்து என்றால் மூன்று பவுண்டை இவள் திருப்பித் தர வேண்டும். பாட்டிலில் காற்று. அதுவும் போகட்டும். காஞ்சிபுரத்துப் பட்டு, பிள்ளையார்பாளையத்துத் தறி. நெல்லளவு ஓட்டைக்குப் பதினோரு பவுண்டு தள்ளுபடியா? இந்த ஊரில் பத்து மாதமாக விலை எழுதிய சீட்டைப் பார்த்துப் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்துப் பழகிப்போன உடம்பில், எங்கிருந்தோ சூடு ஏறியது. கணப்பு எதுவும் அதுவரை தராத சூடு.

"ட்வென்டி ஃபைவ்," என்றாள்.

"சிக்ஸ்டீன்."

"அய்ய! சிக்ஸ்டீனாமே!" லோகாம்பாள் புடவையை மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பதும் பேரத்தில் ஒரு வார்த்தைதான். "ட்வென்டி ஃபோர்."

சைக்ஸம்மா எழுந்தாள். கதவு வரைக்கும் போனாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். எழுந்து போய் உட்கார இவளுக்கு யார் சொல்லித்தந்தது என்று லோகாம்பாள் வியந்தாள். "செவன்டீன்."

அன்றைக்குக் குழலி தேவைப்படவில்லை. பெட்டி மேல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோகாம்பாள் ஜரிகையைத் தேய்த்துக் காட்டினாள். சைக்ஸம்மா வெள்ளை நூலை விரலால் தட்டிக் காட்டினாள். லோகாம்பாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். சைக்ஸம்மா உறையைக் கைப்பைக்குள் போட்டு, மறுபடி வெளியில் எடுத்தாள். பதினெட்டைத் தாண்டியது. பத்தொன்பதில் இரண்டு பேரும் டீ குடித்தார்கள். இருபதில் சைக்ஸம்மா தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"ட்வென்டி ஒன்," என்றாள் லோகாம்பாள். "லாஸ்ட் பிரைஸ். ஃபார் யூ ஒன்லி."

பேரம் படிந்ததற்கு அடையாளமாகச் சைக்ஸம்மா உள்ளங்கையில் துப்புவதுபோல் பாவனை செய்து, கையை நீட்டினாள். லோகாம்பாள் அதில் பட்டென்று அடித்தாள். மூன்று ஒற்றைப் பவுண்டு நோட்டுகள் மேஜைக்கு வந்தன. லோகாம்பாளின் முகம் ஆடிமாதத் தள்ளுபடியில் கடைசிக் கட்டையும் விற்றுவிட்ட முகமாக இருந்தது. பதினைந்து என்று ஆரம்பித்தவளை இருபத்தொன்றுக்கு ஏற்றியிருக்கிறாள். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

சைக்ஸம்மா தொப்பியை வைத்துக்கொண்டாள். மடித்த புடவையைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டாள். மீந்த ஐந்து பவுண்டில் கடற்கரைக்கு ஒரு நடை போய்வரலாம் என்று குழலியிடம் சொன்னாள். போய்விட்டாள்.

குழலி கதவைச் சாத்தினாள். "அம்மா. நீ புடவையை வித்துட்டே."

லோகாம்பாள் மேஜை மேலிருந்த மூன்று நோட்டுகளைப் பார்த்தாள். பிறகு திறந்து கிடந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். அதில் வசம்பும் ஒரு பழைய துண்டும் இருந்தன.

தணிகாசலம் நூலகத்திலிருந்து வந்தான். "வேணாம்னுட்டாங்களா?"

"பேரம் முடிஞ்சுது."

"எதுல?"

"இருபத்தொண்ணு."

"குறைஞ்சுதா ஏறிச்சா?"

"பதினைஞ்சிலேருந்து ஏத்தினேன்."

அவன் நல்லவன். மேஜை மேலிருந்த மூன்று நோட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினான். "பரவால்ல," என்றான் கடைசியில். "ஏத்தினே இல்ல." அப்புறம் வெளியில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒரு சிகரெட் பிடித்தான். அவனுக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது.

கிளம்புகிற அன்று காலையில் சைக்ஸம்மா வாசலுக்கு வந்தாள். கையில் புடவை. அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டாளாம், பார்க்க வேண்டுமாம். வெள்ளை நூலையும் அவிழ்த்திருந்தாள். லோகாம்பாள் வாங்கி, முதலில் பின்பக்கத்தைத் திருப்பினாள். வெளிச்சத்தில் பிடித்தாள். விரலால் தடவினாள். எந்த இடம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் விட்ட நான்கு இழையை ஹடர்ஸ்ஃபீல்டில் கோத்துவிட்டார்கள், கூலி கேட்கவில்லை. இனிமேல் மணியம்மாள் சொன்னது நிஜம்தான், தேடினாலும் கிடைக்காது. இதையும் மாமியாரிடம் சொல்ல வழியில்லை.

"பெஸ்ட் குவாலிட்டி," என்று திருப்பிக் கொடுத்தாள்.

டாக்ஸி வருவதற்குள், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, குழலியின் பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் கணக்கு எழுதினாள். எழுதாமல் கிளம்பினால் அப்பா மகள் இல்லை.

வரவு. வாரத் தவணை முப்பத்தாறு, பதினெட்டு பவுண்டு. பேரம் முடிந்த அன்று ரொக்கம், மூன்று பவுண்டு. ஆக இருபத்தொன்று.

செலவு. காஸ் பெட்டிக்கு, குளிர்காலம் முழுக்க, ஏழு பவுண்டு பன்னிரண்டு ஷில்லிங். குழலிக்குப் பூட்ஸ், கோட்டு, மூன்று பவுண்டு பதினைந்து. அவருக்குப் பழைய ஓவர்கோட்டு, இரண்டு பவுண்டு. பரீட்சைக் கட்டணம், புத்தகம், நான்கு பவுண்டு. ஏர் லெட்டர் வகையில் பதின்மூன்று ஷில்லிங். அத்தைக்குக் கம்பளி ஸ்வெட்டர் ஒன்று, சாம்பல் நிறம், இரண்டு பவுண்டு பத்தொன்பது. பேரம் பேசிப் பார்த்தது, குறைக்கவில்லை. இன்று காலை காபிக்கு, காஸ் பெட்டியில், ஒரு ஷில்லிங். ஆக இருபத்தொன்று.

கைவசம் இல்லை.

கொடுக்க வேண்டியது: பிள்ளையார்பாளையம் மணியம்மாளுக்கு, கூறை ஒன்று.